பாலி ஸ்டைரீன் என்னும் பாடகி

பங்க் ராக் என்னும் மேல்நாட்டு இசையை நம் வீட்டுப் பெரியோர் வெறும் இரைச்சல் என்றே தள்ளுவர். ரயில்வேக் கணக்கேடுகளோடு பொழுது கழிக்கும் நாமும் இசை நுட்பம் அறிந்தோமல்லோம். எனினும் அத்துறையில் புகழ் பெற்ற ஒரு பெண்மணியின் வரலாறு, பிறந்த மண்ணை விட்டு வாழும் நம்மனோர் அறியத்தக்கது.

மேரியன் எலியட் 1957-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். தந்தை சோமாலியர், தாய் வெள்ளையர். தாயே அவரை லண்டனில் வளர்த்தார். 1976-இல், தம் 19-ஆம் பிறந்த நாளன்று, ஹேஸ்டிங்ஸ் நகரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவினர் பாடக் கேட்டார். பின்னர்ப் பத்திரிகையில் விளம்பரம் செய்து ஆள் சேர்த்து, எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் என்ற குழுவை அமைத்தார். தமக்குச் சூட்டிக்கொண்டதோ ஒரு பிளாஸ்டிக்கின் பெயர்! பயன்படுத்தி எறியும் பொருள்களைப் போலப் பாடகரையும் உலகம் நடத்துவதைக் கேலி செய்யவே அப்பெயர் என்பர். பல் சீராக்கும் கம்பியோடு மேடையேறினார். அழகுப் பதுமையாக நிற்க மறுத்தார். அத்துணிவு நமக்குப் பிடித்திருக்கிறது. 1977-இல் வந்த முதல் இசைத்தட்டு பெண்ணுக்கிட்ட தளைகளைச் சாடியது. 1978-இல் ‘ஜெர்ம்ஃப்ரீ அடலசன்ட்ஸ்’ என்னும் தொகுப்பு வெளியாயிற்று.

மறு ஆண்டே குழு கலைந்தது. மனநோயை மருத்துவர் முதலில் தவறாகக் கணித்தனர். இருமுனை நோய் என்பது பல்லாண்டு கழித்தே தெரிந்தது. இடையில் ஹரே கிருஷ்ணா இயக்கத்தில் சேர்ந்தார். 2011 மார்ச்சில் கடைசித் தொகுப்பு வெளிவர, ஏப்ரலில் புற்றுநோயால் 53-ஆம் வயதில் மறைந்தார். மகள் செலஸ்ட் பெல், அன்னையைப் பற்றிய ஆவணப்படத்தை மற்றொருவருடன் இணைந்து இயக்கி 2021-இல் வெளியிட்டார்.