இரண்டு நாள் சைக்கிள் பயணம், குளியல் எங்கே?

புலாவ் உபினில் கூடாரம் போட்டுத் தங்கும் சைக்கிள் பயணம் பற்றி வானொலியில் பேச்செடுத்தால், கேத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவின் ஏற்ற இறக்கம் பற்றி யாரும் கேட்பதில்லை. “குளிக்க என்ன செய்வீங்க?” என்பதுதான் முதல் கேள்வி.

நியாயமான கேள்விதான். சாங்கியிலிருந்து சிறிது நேரப் படகுப் பயணம். ஆனால் அந்தத் தீவில் நம் வீட்டில் வருவதுபோல் குழாய்க் குடிநீர் இல்லை. குடிக்கும் தண்ணீரை நாமே சைக்கிளில் கட்டிச் செல்ல வேண்டும். அதில் குளிக்க முடியாது. உண்மையில், இரண்டு நாள் குளிக்காவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. பயணத்தைக் கெடுப்பவை வேறு: கழுவாத கையும், ஈரமான கால்சட்டையும்.

கைக்குக் கிருமிநாசினி போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோவைரசை அது சரியாகக் கொல்வதில்லை. சேறும் சங்கிலி எண்ணெயும் படிந்த கையில் அதன் வேலை இன்னும் குறையும். சாப்பிடும் முன்பும் கழிவறை சென்ற பின்பும் சோப்பும் ஒரு குவளைத் தண்ணீரும்தான் வேண்டும்.

அடுத்தது, வெட்கப்பட்டு யாரும் பேசாத விஷயம். நம் ஊர்ப் புழுக்கத்தில் மணிக்கணக்கில் இருக்கையில் உராயும் தோல் புண்ணாகி, மயிர்க்கால்களில் கிருமி புகுந்தால் கொப்புளம் கிளம்பும். மறுநாள் உட்கார முடியாது. பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை வேண்டாம். அதன் தையலே உரசும். உராயும் இடத்தில் வாசலின் தடவலாம். ஓட்டம் முடிந்ததும் முதல் வேலை அந்தக் கால்சட்டையைக் கழற்றுவது. கூடாரம் அடிப்பது அப்புறம்.

இதற்கு விலையுயர்ந்த சாமான்கள் தேவையில்லை. தேக்காவில் கிடைக்கும் ஒரு கைலி, ஒரு மெல்லிய ஈரிழைத் துண்டு, மூடியில் துளையிட்ட ஒன்றரை லிட்டர் பாட்டில் போதும். கைலிக்குள் நின்று உடை மாற்றலாம், அக்குளும் தொடையிடுக்கும் கழுவலாம், இரவில் காற்றாட உடுத்தியும் தூங்கலாம். பஞ்சுத் துவாலை மறுநாளும் ஈரமாய் நாறும். ஈரிழைத் துண்டு சீக்கிரம் உலர்ந்துவிடும். தண்ணீர் விட்டுக் கழுவும் நம் வீட்டுப் பழக்கத்தை மேல்நாட்டுச் சைக்கிள் பயணிகளும் இப்போது பாட்டிலோடு பழகிவருகிறார்கள்!

தண்ணீர் தீர்ந்து, ஓடை நீரைக் குடிக்க நேர்ந்தால், தளதளவெனக் கொதித்த பின் ஒரு நிமிடம் விடுங்கள். பாட்டி சொன்ன தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளிய வைக்கும், கிருமியைக் கொல்லாது.

மழைக்குப் பிந்திய சேற்றுக் குட்டைதான் எனக்கு அதிகம் பயம். எலியின் சிறுநீர் கலந்த நீர், முழங்கால் சிராய்ப்பு வழியாக எலிக்காய்ச்சலைத் தரலாம். காயத்தை நீர்புகாத பிளாஸ்திரியால் மூடுங்கள். அறிகுறி தெரிய சில நாள்கள் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். அதற்குள் காய்ச்சல் வந்தால், “சேற்றில் சைக்கிள் ஓட்டினேன்” என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.