கதண்டு, தேனீ முதலியன கொட்டுவதால் உண்டாகும் பேராபத்தும் அதற்குரிய சிகிச்சையும்

தென்னை, பனை முதலிய மரங்கள் நிறைந்த தோப்புகளிலும், பாழடைந்த கட்டடங்களிலும், குன்றுகளின் பாறை இடுக்குகளிலும் கதண்டும் மலைத்தேனீயும் கூடு கட்டுவது விவசாயிகள் யாவரும் அறிந்ததே. இவை கொட்டினால் வலியும் வீக்கமும் உண்டாகி இரண்டொரு நாளில் தணிந்துவிடுவது வழக்கம். ஆகவே, கொட்டுப்பட்ட இடத்தில் சுண்ணாம்பைத் தடவிவிட்டு மறுபடியும் வேலையைப் பார்ப்பது கிராமங்களில் சாதாரணமாக இருந்து வருகிறது. பெரும்பாலோர் விஷயத்தில் இதனால் கெடுதல் ஒன்றும் நேருவதில்லை. ஆனால், மிகச் சிலருக்கு ஒரே ஒரு கொட்டு அரைமணி நேரத்திற்குள் உயிரைப் போக்கிவிடக் கூடும். இவ்விரு வகையாரையும் தொடக்கத்திலேயே பிரித்தறிவது எப்படி என்பதும், ஆபத்துக்குட்பட்டவருக்கு உரிய மருந்து உரிய காலத்தில் கிடைக்கும்படி செய்வது எப்படி என்பதும் இங்கே விளக்கப்படுகின்றன.

கொட்டும் பூச்சிகள்.— தேனீ, குளவி, கதண்டு, சிலவகைக் கட்டெறும்பு ஆகியவை ஒரே இனத்தைச் சேர்ந்தவை. கதண்டைச் சில ஜில்லாக்களில் கடந்தை என்றும், விஷவண்டு என்றும் கூறுவர். இவற்றுள் பெண் பூச்சிகளுக்கே கொடுக்கு உண்டு. தேனீயின் கொடுக்கு முள்போல் அமைந்திருப்பதால், அது தோலில் சிக்கி, நஞ்சுப் பையுடன் அறுந்து அங்கேயே தங்கிவிடும், தேனீயும் இறந்துபோகும். கதண்டின் கொடுக்கு வழவழப்பானது. ஆகையால் அது ஒருவரையே பன்முறை கொட்ட வல்லது. தேள்கடி இவற்றினின்றும் முற்றிலும் வேறானது. அதன் குறிகளும் சிகிச்சையும் வேறு. ஆதலால் அது இங்கே கூறப்படவில்லை.

ஒரு கொட்டு ஒருவரைக் கொல்வதன் காரணம்.— ஒரே கொட்டினால் மரணம் நேரும்போது, நஞ்சின் அளவு அதற்குக் காரணமன்று. அந்நஞ்சை எதிர்க்க உடல் தானே எழுப்பும் மிதமிஞ்சிய கிளர்ச்சியே காரணமாகும். முன்னொரு காலத்தில் கொட்டுப்பட்டபோது சிலருடைய உடல் அந்த நஞ்சை அடையாளம் கண்டு, அதற்கென்றே ஒருவகை எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. மறுமுறை அதே நஞ்சு உடலில் புகுந்தவுடன், தோல், மூச்சுக்குழல், குடல் முதலிய இடங்களிலுள்ள சில நுண்ணறைகள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை ஒருங்கே கொட்டிவிடுகின்றன. இதனால் இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது, இரத்த அழுத்தம் வீழ்கிறது, மூச்சுக்குழல்கள் சுருங்குகின்றன, தொண்டை வீங்கி அடைத்துக்கொள்கிறது.

1902-ஆம் ஆண்டில் பால் போர்த்தியே, ஷார்ல் ரிஷே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கடலில் வாழும் ஒருவகைப் பிராணியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்திப் பரிசோதித்தனர். முதல் முறை நஞ்சைத் தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்கள் கழித்து அதனினும் மிகக் குறைந்த அளவு செலுத்தப்பட்டபோது சில நிமிஷங்களில் மூச்சுத் திணறி வீழ்ந்து இறந்தது. முதல் நஞ்சு காப்பளிப்பதற்கு மாறாக, உடலை முன்னிலும் எளிதில் ஊறுபடத் தக்கதாக ஆக்கிவிட்டது என்று அவர்கள் கண்டறிந்தனர். இதைப் பற்றிய ஆராய்ச்சிக்காக ரிஷேக்கு 1913-இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. "எத்தனையோ முறை கொட்டியிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை" என்று கூறும் மரமேறுவோரின் தைரியம் நம்பத்தக்கதன்று என்பது இதனால் விளங்கும்.

பிரித்தறியும் முறை.— கிராமத்தார் மனத்தில் பதியவேண்டிய விதி ஒன்றே. கொட்டிய இடத்தையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் மட்டும் வீக்கம் பற்றியிருந்தால், அது எவ்வளவு பெரிதாயினும் பொதுவாக உயிருக்கு ஆபத்தில்லை. கையில் கொட்டியது முழங்கை வரையில் வீங்கினாலும் அது இவ்வகையைச் சார்ந்ததே. வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டியது மாத்திரம் இதற்கு விலக்கு. அங்கே வீக்கமே மூச்சை அடைத்துவிடக் கூடும். கொட்டிய இடத்திற்குத் தொடர்பில்லாத வேறிடத்தில் குறிகள் தோன்றுமாயின் அதுவே பேராபத்தின் அறிகுறி என்று கொள்ளவேண்டும். அக்குறிகளாவன:

(1) உடலெங்கும் அரிப்பும் தடிப்பும் எழுதல், உள்ளங்கை, உள்ளங்கால், தலை ஆகியவற்றில் நமைச்சல், முகம் சிவத்தல், இமை, உதடு, நாக்கு வீங்குதல்.

(2) குரல் கம்முதல், எச்சில் விழுங்க இயலாமை, தொண்டையை யாரோ பிடிப்பதுபோன்ற உணர்ச்சி, இழுப்பு, மூச்சுத் திணறல்.

(3) தலைசுற்றல், கண் இருளல், வியர்த்துக் குளிர்தல், நாடி மெலிதல், மயங்கி வீழ்தல்.

(4) வயிற்றில் கடும் வலி, வாந்தி, பேதி.

இவற்றுள் மூச்சையோ நாடியையோ பற்றிய குறி ஒன்று காணப்பட்டாலும் தாமதிக்கலாகாது. தோலில் தடிப்பு எழும் வரையில் காத்திருப்பது பெரும் பிழை. சிலருக்குத் தோலில் ஒன்றுமே தோன்றாமல் நேரே மயக்கம் வந்துவிடும். ஐக்கிய ராஜ்யத்தில் நிகழ்ந்த இத்தகைய மரணங்களை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கட்டுரையில், பூச்சி கொட்டி இறந்தவர்களுக்கு மூச்சோ இருதயமோ நின்றுபோவதற்கு ஆன நேரம் நடு அளவில் 15 நிமிஷம் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. ஆகவே, நிமிஷங்களை எண்ணிச் செயலாற்ற வேண்டியது அவசியம்.

உடனே செய்யவேண்டியவை.— முதலாவதாக, கொட்டுப்பட்டவரைக் கூட்டிற்கு அப்பால் கொண்டு செல்லவேண்டும். தேனீயின் கொடுக்குத் தோலில் தங்கியிருந்தால் நகத்தாலோ விரலாலோ உடனே அகற்றிவிட வேண்டும். கொடுக்கைப் பிடித்து இழுப்பதைவிட வழித்தெடுப்பதே நல்லது என்று முன்பு சொல்லப்பட்டு வந்தது. 1996-இல் வெளியான பரிசோதனையில், எடுக்கும் விதத்தைக் காட்டிலும் எடுக்கும் விரைவே முக்கியம் என்று தெளிவாயிற்று.

இரண்டாவதாக, ஆபத்துக் குறி உள்ளவரைத் தரையில் மல்லாக்கக் கிடத்திக் கால்களைச் சற்று உயர்த்தி வைக்கவேண்டும். மூச்சுத் திணறல் மிகுந்தவர் கால்களை நீட்டியபடி உட்கார்ந்திருக்கலாம். வாந்தி எடுப்பவரையும், நினைவிழந்தவரையும், கர்ப்பிணிகளையும் இடப்பக்கமாகச் சாய்த்துக் கிடத்தவேண்டும். எக்காரணத்தாலும் அவரை எழுப்பி நிறுத்தவோ நடத்தவோ கூடாது. இரத்த அழுத்தம் வீழ்ந்திருக்கும்போது திடீரென எழுந்தால் இருதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைந்து, அக்கணமே உயிர் பிரிவதுண்டு. நோயாளியை மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே நிமிர்த்தி உட்காரவைத்துக் கொண்டுபோகும் வழக்கம் இக்காரணத்தால் மிகவும் அபாயகரமானது. படுக்க இடமுள்ள எந்த வண்டியும் அதனினும் நன்று.

மூன்றாவதாக, 108 எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லி ஆம்புலன்ஸ் வண்டியை வரவழைக்க வேண்டும். பூச்சி கொட்டியது என்பதோடு நில்லாமல், மூச்சுத் திணறலோ மயக்கமோ உள்ளது என்பதையும் தெளிவாகக் கூறவேண்டும். மூச்சும் நாடியும் நின்றுவிட்டால், மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிஷத்திற்கு 100 முதல் 120 முறை வரையில் அழுத்தி, உதவி வரும் வரையில் விடாது செய்யவேண்டும்.

உரிய மருந்து.— இந்நிலைக்கு முதன்மையான மருந்து அட்ரினலின் ஒன்றே. 1901-ஆம் ஆண்டில் ஜப்பானிய ரஸாயன நிபுணரான ஜோகிச்சி தகாமினே இதைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார். தளர்ந்த இரத்தக் குழாய்களை இறுக்குதல், மூச்சுக்குழல்களை விரித்தல், இருதயத்திற்கு வலுவூட்டுதல், நுண்ணறைகள் மேலும் ஹிஸ்டமினைக் கொட்டாமல் தடுத்தல் ஆகிய நான்கு வேலைகளையும் இந்த ஒரே மருந்து செய்கிறது. வைத்தியரோ செவிலியரோ இதைத் தொடையின் வெளிப்புற நடுப்பகுதியில் தசைக்குள் ஊசியாகப் போடுவர். வயது வந்தோருக்கு அளவு அரை மில்லிகிராம். குழந்தைகளுக்கு எடைக்கேற்பக் குறைவு. குணம் காணாவிடில் 5 முதல் 15 நிமிஷத்திற்கு ஒருமுறை திரும்பவும் போடலாம். விலை உயர்ந்த மருந்தன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்துக்கொள்ளத் தக்கதே. ஆகையால், மருந்து இருக்கும் அருகாமை நிலையத்தை விட்டுத் தொலைவிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியை நாடிச் செல்வது காலத்தை வீணாக்குவதாகும். முதல் ஊசி அருகில் கிடைத்த பின்னரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

அரிப்பை அடக்கும் மாத்திரைகள் தடிப்பைத் தணிக்குமேயன்றி, வீழ்ந்த இரத்த அழுத்தத்தைத் தூக்கா. அடைத்த தொண்டையைத் திறவா. அவற்றை விழுங்கிவிட்டுக் காத்திருப்பது தவறு. சுண்ணாம்பு, மஞ்சள், வெங்காயச் சாறு, மண்ணெண்ணெய் ஆகியவற்றாலும் உடலுக்குள் நிகழும் மாறுதலைத் தடுக்க இயலாது. கொட்டிய இடத்து வலிக்குத் துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்தாலே போதும்.

ஊசி போட்டுக் குணம் கண்டவுடன் வீடு திரும்பலாகாது. சிலருக்குச் சில மணி நேரம் கழித்துப் புதிதாகக் கொட்டாமலே குறிகள் மீண்டும் தோன்றும். வைத்தியர் சொல்லும் வரையில் அங்கேயே தங்கியிருப்பது நலம்.

பல பூச்சிகள் கொட்டினால்.— கூடு கலைந்து பூச்சிகள் கூட்டமாகத் தாக்கும்போது, மேற்கூறிய ஒவ்வாமை இல்லாதவருக்கும் நஞ்சின் மிகுதியாலேயே கேடு விளையும். தசைகளும் இரத்த அணுக்களும் சிதைந்து, சிறுநீரகங்கள் பழுதடையலாம். இத்தகையவர் முதல் நாளில் நலமாகத் தோன்றி, மறுநாள் அல்லது மூன்றாம் நாள் சிறுநீர் குறைந்தோ கறுத்தோ போவதைக் காண்பர். ஆகவே, பல கொட்டுகள் பட்டவர், முக்கியமாகக் கதண்டு கொட்டியவர், குழந்தைகள், முதியோர் ஆகியோர் எவ்விதக் குறியும் இல்லையெனினும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து இரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

முன்பே பாதிக்கப்பட்டவர்.— ஒருமுறை உடல் முழுதும் தாக்கப்பட்ட வயதுவந்தோரில், மறுபடி கொட்டுப்பட்டால் நூற்றுக்கு 30 முதல் 60 பேர் வரையில் மீண்டும் அவ்வாறே தாக்கப்படுகின்றனர். இத்தகையவரை மரம் ஏறும் வேலைக்கும் தேனீ வளர்ப்பு வேலைக்கும் அனுப்பலாகாது. அவர் ஒவ்வாமை நோய் வைத்தியரைக் கண்டு ஆலோசனை பெறவேண்டும். நஞ்சைச் சிறிது சிறிதாகச் செலுத்தி உடலைப் பழக்கும் சிகிச்சை தக்க பலன் தருவதென்பது 1978-இல் பரிசோதனையால் நிரூபிக்கப்பட்டது. இரத்த அழுத்தத்திற்கும் இருதய நோய்க்கும் மருந்து உட்கொள்வோர் அதையும் வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும். அம்மருந்துகளுள் சில அட்ரினலின் வேலை செய்வதைத் தடை செய்யும்.

தோப்பு உடையோர் கடமை.— காய் பறிக்கவும் மட்டை கழிக்கவும் ஆள் ஏற்றுவதற்கு முன், ஒவ்வொரு மரத்தின் உச்சியையும் கீழிருந்து நன்றாகப் பார்க்கவேண்டும். பந்துபோன்ற சாம்பல் நிறக் காகிதக் கூடு தென்பட்டாலும், பூச்சிகள் ஓரிடத்தில் ஓயாது போய் வருவது தெரிந்தாலும் அம்மரத்தில் ஆளை ஏற்றலாகாது. பந்தத்தால் கூட்டைக் கொளுத்துவதும் கல்லால் அடிப்பதும் ஆபத்தை வலிய அழைப்பதாகும். தீயணைப்பு நிலையத்தாருக்கு 101 எண்ணில் தெரிவித்து, தக்க உடையும் கருவியும் உடையவர்களைக் கொண்டே அகற்றவேண்டும். நசுங்கிய பூச்சியின் வாசனை மற்றப் பூச்சிகளையும் கிளப்பிவிடும் என்பதால், தாக்கப்பட்டவர் நின்று அடித்துக்கொண்டிராமல் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ ஓடிப் புகவேண்டும். கிணற்றில் குதிப்பது கூடாது. பூச்சிகள் மேலே வட்டமிட்டுக் காத்திருக்கும்.

கிராம அலுவலர்கள் கவனத்திற்கு.— கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் மூன்று காரியங்களை முன்னதாகவே செய்து வைப்பது நலம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்ரினலின் காலாவதியாகாமல் இருக்கிறதா என்றும், இரவிலும் அங்கே ஊசி போடுவோர் உளரா என்றும் விசாரித்து அறிதல் ஒன்று. படுக்கவைத்துக் கொண்டுபோகத்தக்க வண்டி உடையவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைத்தல் மற்றொன்று. ஒருமுறை பாதிக்கப்பட்டவர் இன்னாரென்று மரமேறுவோரிடையேயும், நூறுநாள் வேலை முதலிய கூட்டு வேலை செய்வோரிடையேயும் கேட்டறிந்து குறித்துக்கொள்ளுதல் மூன்றாவது. கூலிக்கு ஏறுபவர் தம் உயிரை நிலமுடையவரின் கவனத்தில் ஒப்படைத்துத்தான் மரத்தின்மேல் செல்கிறார். ஆகவே இவ்வேற்பாடுகளை அடுத்த காய்ப் பறிப்பிற்கு முன்பே செய்து முடித்துவிட வேண்டும்.