நெல்லுக்குள் கண்ணாடி

கதிர் முற்றிய வயலில் வரப்போடு நடந்து போயிருக்கிறீர்களா? அரைக்கால் சட்டையோடு போனால் முழங்காலுக்குக் கீழே மெல்லிசாகக் கீறல் விழும். அப்போது தெரியாது. சாயங்காலம் குளிக்கும்போது சுரீரென்று எரியும். நெல் இலையின் ஓரத்தை நுனியிலிருந்து அடிப்பக்கமாக விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள், அரம் மாதிரி சொரசொரக்கும்.

அந்தச் சொரசொரப்புக்குக் காரணம் சிலிக்கா. காவிரி மணலில் மின்னுவதும், ஜன்னல் கண்ணாடிக்கு மூலப்பொருளாக இருப்பதும் இதுவே. மண்ணின் ஈரத்தில் கரைந்திருக்கும் சிலிக்காவை நெற்பயிர் வேரால் உறிஞ்சி, இலையிலும் தாளிலும் உமியிலும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் படிய வைத்துக்கொள்கிறது. 100 கிராம் உமியை முழுக்க எரித்தால் ஏறக்குறைய 20 கிராம் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்காதான். பயிர் சாயாமல் நிற்க இது உதவுகிறது. தண்டைக் கடிக்க வரும் பூச்சியின் பல்லையும் தேய்க்கிறது.

பூச்சியின் பல்லைத் தேய்ப்பது அரிவாளின் பல்லை விட்டுவைக்குமா? ஒருவர் ஒரு நாளில் அறுக்கும் ஆயிரக்கணக்கான தாள்களும் அரிவாளின் ஓரத்தை உரசிக்கொண்டேதான் விழுகின்றன. இரும்பு வருவதற்கு முன்னால் மனிதர்கள் கல் அரிவாளால் கதிர் அறுத்தார்கள். தாள் உரசி உரசி அந்தக் கற்களின் ஓரம் பளபளவென்று மின்னும். அந்த மினுமினுப்பைப் பார்த்தே, இது கதிர் அறுத்த கல் என்று தொல்லியல் அறிஞர்கள் கண்டுகொள்கிறார்கள்.

இந்தத் தாளை அறுக்கும் நம் பக்கத்துக் கதிர் அரிவாள் மொழுமொழுவென்று இருப்பதில்லை. உள்வளைவில் பொடிப்பொடியாகப் பல் வெட்டியிருக்கும். அதன் பெயர் கருக்கு. பனைமட்டையின் ஓரத்தில் இருக்கிறதே, அதையும் கருக்கு என்றுதான் சொல்கிறோம். வழவழப்பான கத்தி தாளின் மேல் வழுக்கும். கருக்கரிவாளோ தாளைப் பிடித்து நிறுத்தி, ரம்பம் போல அறுக்கும். பல் தேய்ந்துவிட்டால் அறுவடைக்கு முன்னால் கொல்லர் பட்டறைக்குக் கொண்டுபோய்க் 'கருக்கு வெட்டி' வாங்கி வருவார்கள்.

அப்படி ஒரு பட்டறையில்தான் நான் முதன்முதலாக அறிவியல் படித்தேன். திருவையாற்றுப் பக்கம் என் தாய்மாமனுக்கு வாழைத்தோட்டம் இருந்தது. இலை அறுக்கத் தன் கைக்கு அளவாக ஒரு கத்தி வேண்டும் என்று, பழைய லாரியின் வில் பட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு ஆசாரியாரிடம் போனார். நானும் கூடவே போனேன்.

உள்ளே ஒரே இருட்டு. "ஏன் தாத்தா, விளக்குப் போடக் கூடாதா?" என்று கேட்டேன். "வெளிச்சம் வந்தா இரும்போட நெறம் தெரியாதுப்பா" என்றார்.

நிறம்தான் அவருக்கு வெப்பமானி. இரும்பு 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மங்கலாகச் சிவக்கும். 800-ஐ நெருங்கினால் பழுத்த பழம் போலச் சிவந்து ஒளிரும். 1000-க்கு மேல் மஞ்சளாகும். வெயிலில் வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது.

அடுப்புக்கரியை அத்தனை சூடாக்குவது துருத்தி. கரி எரிய ஆக்சிஜன் வேண்டும். காற்றை ஊத ஊதக் கரி வேகமாக எரிந்து சூடு ஏறும். அந்தக் காலத்துத் துருத்தி ஆட்டுத்தோலாலோ மாட்டுத்தோலாலோ தைத்த பை. திருப்பூந்துருத்தி என்ற ஊர்ப்பெயரைக் கேட்டு அங்கே கொல்லர்கள் இருந்தார்களோ என்று நினைக்க வேண்டாம். அந்தத் துருத்திக்கு, ஆற்றுக்கு நடுவே உள்ள திட்டு என்று பொருள்.

லாரிப் பட்டைதான் வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. ஜன்னல் கம்பியும் இரும்பு, வில் பட்டையும் இரும்பு. ஆனால் 100 கிராம் கம்பியில் கால் கிராம்கூடக் கார்பன் இராது, வில் பட்டையில் அரை கிராமுக்கு மேல் இருக்கும். அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் கத்தியின் உயிர் இருக்கிறது.

நெரிசலான டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பயணிகள் இரும்பு அணுக்கள், பள்ளிக்கூடப் பைகள் கார்பன் அணுக்கள். இரும்பு நன்றாகச் சிவந்ததும் அதன் அணுக்கள் வேறு விதமாக இடம் மாறி நிற்கும். அப்போது நடுவே கிடைக்கும் சந்தில் கார்பன் போய் நுழைந்துகொள்ளும். மெதுவாக ஆறவிட்டால் கார்பன் வெளியே வந்து தனியாக ஒதுங்கிவிடும். சட்டென்று குளிரவைத்தால் வெளியேற நேரம் கிடைக்காது. பைகள் இடையில் மாட்டிக்கொண்ட பஸ்ஸில் யாராவது நகர முடியுமா? அணுக்களும் அப்படித்தான் ஒன்றையொன்று தாண்டி வழுக்க முடியாமல் நின்றுவிடும். அதையே நாம் கடினம் என்கிறோம். சிவந்த இரும்பைத் தண்ணீரில் முக்கும் இந்த வேலைக்குப் பட்டறையில் தோய்ச்சல் என்று பெயர்.

ஆசாரியார் அன்றைக்குச் செய்ததை நான் மறக்கவே இல்லை. அடித்து உருவாக்கிய கத்தியைச் சிவக்கக் காய்ச்சினார். குறட்டால் பிடித்து, வெட்டும் ஓரத்தை மட்டும் தண்ணீரில் வைத்தார். 'சுர்ர்' என்றது. முதுகுப்பக்கம் இன்னும் சூடாகவே இருந்தது. வெளியே எடுத்து, ஓரத்தை ஒரு கல்லில் தேய்த்து வெள்ளையாக்கி, உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு முதுகிலிருந்து ஓரத்தை நோக்கி ஒரு நிறம் நகர்ந்து வந்தது. முதலில் வைக்கோல் மஞ்சள், அதன் பின்னாலேயே பழுப்பு, அதற்கும் பின்னால் ஊதாவும் நீலமும். மஞ்சள் ஓரத்தைத் தொட்டதும் கத்தி முழுவதையும் தண்ணீரில் போட்டுவிட்டார்.

முதல் தோய்ச்சலில் ஓரம் மிகக் கடினமாகிவிடும். ஆனால் அப்படியே விட்டால் மண்சட்டி போலச் சில்லுச்சில்லாய்ப் பெயரும். முதுகில் தங்கிய சூடு மெல்ல ஓரத்துக்கு வந்து அந்த இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறது. வைக்கோல் நிறம் என்றால் சுமார் 220 டிகிரி, நீலம் என்றால் 300-ஐ ஒட்டி. சூட்டில் இரும்பின் மேல் படியும் ஆக்சைடு படலம் மிக மிக மெல்லியது. மழைநாளில் ரோட்டில் சிந்திய எண்ணெய் வானவில்லாகத் தெரிகிறதே, அதே காரணத்தால் இந்தப் படலமும் நிறம் காட்டுகிறது. தடிமன் கூடக் கூட நிறம் மாறும். ஓரம் கடினம், முதுகு வளைந்துகொடுக்கும் மென்மை. ஒரே இரும்பில் இரண்டு குணங்களையும் அந்தக் கண்கள் பார்த்துப் பார்த்து வைத்தன. அவரைப் போன்றவர்களை நான் விஞ்ஞானிகள் என்றே சொல்வேன்.

லண்டனிலும் ஒரு கொல்லர் மகன் நம் நாட்டு எஃகைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் குணத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டார். அவர்தான் மைக்கேல் ஃபாரடே. குழந்தைகளுக்கு மெழுகுவத்தியை வைத்து வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். தென்னிந்தியாவில் மூசை என்ற மண்குடுவையில் உருக்கிய எஃகு அப்போது உலகம் முழுவதும் பேர்பெற்றிருந்தது. அதன் ரகசியத்தைத் தேடி 1819-இல் அவர் ஆராய்ச்சி வெளியிட்டார். சிலிக்காவும் அலுமினிய ஆக்சைடும் கலந்திருப்பதே காரணம் என்று நினைத்தார். உண்மையில் முக்கியக் காரணம் கார்பன். அத்தனை பெரியவருக்கும் அது பிடிபடவில்லை.

மாமாவின் கத்திக்கு உறை தைத்தவர் பக்கத்து ஊர்த் தோல் தொழிலாளி. பச்சைத்தோல் அழுகும். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் தோலின் நார்களோடு பிணைந்துகொண்டால் அழுகாது. பதப்படுத்திய தோலை அவர் நனைத்து, கத்தியின் மேல் அழுத்தி, அந்த வடிவிலேயே காயவிட்டார். வெட்டும் ஓரம் நூலை அறுத்துவிடாமல் இருக்க, இரண்டு மடிப்புக்கும் நடுவே ஒரு தோல் பட்டையை வைத்துத் தைத்தார்.

அடுத்த ஐப்பசி மழையில் அந்தக் கத்தியை ஈரத்தோடு உறையில் செருகி வைத்தது நான்தான். பத்து நாள் கழித்து உருவிப் பார்த்தால் கத்தியில் துரு, உறைக்குள்ளே மை கொட்டினாற்போல் கறுப்பு. மாமா திட்டவில்லை. எண்ணெய் தடவித் தேய்க்கச் சொன்னார். "வாழைக்காய் நறுக்கினா அரிவாள்மணை கறுக்குதுல்ல? அது மாதிரிதான்டா" என்றார். அவர் சொன்னது சரி. வாழைக்கறையிலும் டானின் உண்டு. டானின் இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகிவிடும். கும்பகோணம் பக்கத்துக் கருப்பூர்க் கலம்காரித் துணியின் கறுப்புக் கோடுகளும் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து வந்தவைதான்.

உலைப்பக்கம் நீங்கள் போக வேண்டாம், அது பெரியவர்கள் வேலை. இதைச் செய்யலாம். நாட்டுமருந்துக் கடையில் நாலு கடுக்காய் வாங்கி, தட்டி, அரை டம்ளர் தண்ணீரில் ஒரு இரவு ஊற வையுங்கள். காலையில் வடிகட்டி, பூச்சு இல்லாத இரண்டு இரும்பு ஆணிகளை அதில் போட்டு மறுநாள் வரை விடுங்கள். தண்ணீர் கறுத்துவிடும். துணியில் பட்டால் போகாது, பார்த்து எடுங்கள். ஈர்க்குச்சியை அதில் தொட்டுத் தாளில் உங்கள் பெயரை எழுதுங்கள். எழுதும்போது கொஞ்சம் வெளிறித் தெரியும் எழுத்து, காற்றுப் பட்டுக் காயக் காய இன்னும் கறுக்கும்.