ஓலைச்சுவடிப் படிமங்களும் வலையமைப்புச் சேமிப்பகத்தின் வாசிப்புத் தாமதமும்: புதுச்சேரித் தொகுப்புகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மெய்நிகர் இயந்திரங்களில் இயங்கும் மின்னணு ஆவணகங்கள் தம் கோப்புகளைத் தொலைவிலுள்ள வலையமைப்புச் சேமிப்பகத்திலிருந்து பெறுகின்றன. அவற்றில் எழுதுதல் விரைவாகவும் வாசித்தல் மெதுவாகவும் நிகழ்வது அடிக்கடி காணப்படும் குறைபாடாகும். இதற்குக் கம்பியின் கொள்ளளவைவிட, ஒவ்வொரு கோரிக்கைக்கும் நேரும் காத்திருப்பே பெரும்பாலும் காரணமாகின்றது என்பதையும், அக்காரணத்தை அடுக்கடுக்காக அளந்து கண்டறியும் முறையையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் இயந்திரம், வலையமைப்புச் சேமிப்பகம், வாசிப்பு வேகம், காத்திருப்பு நேரம், ஓலைச்சுவடி, புதுச்சேரி.

முன்னுரை

புதுச்சேரியில் 1955ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும், தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் புதுச்சேரி மையத்திலும் பாதுகாக்கப்பெறும் ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள், 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. இத்தகைய தொகுப்புகள் மின்படிமங்களாக மாறும்போது, மூல ஏட்டைத் தொடாமலேயே பாடவேறுபாடு காண்பதற்கு ஆய்வாளருக்கு வழி பிறக்கின்றது. ஆயின், படிமம் திரையில் தோன்றப் பல நொடிகள் ஆகுமெனில் நூற்றுக்கணக்கான ஏடுகளை ஒப்புநோக்கும் பணி தளர்ந்துவிடும். இவ்விரு நிறுவனங்களின் கணினி அமைப்பைப் பற்றிய மதிப்பீடு இக்கட்டுரையின் நோக்கமன்று. இவ்வகைத் தொகுப்பைப் பேணும் எந்த நூலகமும் பல்கலைக்கழகத் துறையும் எதிர்கொள்ளக்கூடிய பொதுச் சிக்கலே இங்கு ஆய்வுப்பொருளாகின்றது.

வாசித்தலும் எழுதுதலும்

ஒரே வன்பொருளில் எழுதுதல் விரைவாகவும் வாசித்தல் மெதுவாகவும் அமைவது முரண்போலத் தோன்றும். சேமிப்பகம் தனக்கு வந்த தரவைப் பதுக்கு நினைவகத்தில் ஏற்றவுடனேயே, பல அமைப்புகளில், ‘எழுதியாயிற்று’ என மறுமொழி அனுப்பிவிடுகின்றது. தட்டில் பதியும் வேலை பின்னர் நடைபெறுகின்றது. வாசித்தலை அவ்வாறு ஒத்திப்போட இயலாது. கேட்ட தரவு பதுக்கு நினைவகத்தில் இல்லையெனில் தட்டிலிருந்து எடுத்து, வலையமைப்பின் வழியே கொணர்ந்து சேர்க்கும்வரை கேட்டவர் காத்திருந்தே ஆகவேண்டும். எனவே அமைப்பில் உறையும் தாமதங்கள் அனைத்தும் வாசித்தலிலேயே வெளிப்படுகின்றன.

காத்திருப்பின் கணக்கு

நொடிக்கு 1 கிகாபிட் வலையமைப்பு, கோட்பாட்டளவில் 125 மெகாபைட்டும் நடைமுறையில் ஏறத்தாழ 110 மெகாபைட்டும் கடத்தும். ஓர் ஏட்டுப் படிமம் 60 மெகாபைட்டு எனக் கொண்டால், அது அரை நொடிக்குச் சற்று மிகுந்த நேரத்தில் வந்துசேர வேண்டும்.

அப்படிமத்தை 64 கிலோபைட்டுத் துண்டுகளாக, ஒன்று வந்தபின் மற்றொன்று என்னும் முறையில் கேட்டால் 960 கோரிக்கைகள் தேவைப்படும். ஒவ்வொன்றுக்கும் 2 மில்லிநொடி ஆயின் மொத்தம் 1.9 நொடி. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வன்தட்டில், தரவு சிதறிக் கிடக்குமாயின், தலை நகர்வதற்கு ஏறத்தாழ 8 மில்லிநொடியும் அரைச் சுழற்சிக்கு 4 மில்லிநொடியும் ஆகக் கோரிக்கை ஒன்றுக்கு 12 மில்லிநொடி செலவாகும். அந்நிலையில் ஒரு படிமத்திற்கு 11.5 நொடி தேவைப்படும். இருநூறு ஏடுகள் கொண்ட ஒரு சுவடியின் இருபக்கப் படிமங்கள் 400. அவற்றைப் பார்க்க முதல் நிலையில் 4 நிமிடத்திற்கும் குறைவாகவும், இறுதி நிலையில் ஏறத்தாழ 77 நிமிடமும் ஆகும். கம்பி மாறவில்லை; காத்திருப்பே மாறியது.

இக்கணக்கே தீர்வின் திசையையும் காட்டுகின்றது. 2 மில்லிநொடித் தாமதம் அப்படியே இருப்பினும், ஒரே நேரத்தில் எட்டுக் கோரிக்கைகளை அனுப்பினால் 1 கிகாபிட் கம்பி நிறைந்துவிடும். அடுத்து வேண்டப்படும் தரவை இயங்குதளம் முன்கூட்டியே கேட்டுவைக்கும் முன்வாசிப்பு முறை இதனையே செய்கின்றது. லினக்சு இயங்குதளத்தில் இதன் இயல்பான அளவு 128 கிலோபைட்டு மட்டுமே. பெரிய படிமங்களைத் தொடர்ச்சியாக வாசிக்கும் பணிக்கு இவ்வளவை உயர்த்துவது பயன்தரும்.

அடுக்கடுக்கான அளவீடு

தரவு தட்டிலிருந்து ஆய்வாளரை அடைவதற்குள் நான்கு அடுக்குகளைக் கடக்கின்றது. அவற்றைத் தனித்தனியே அளத்தல் வேண்டும்.

முதலாவது, சேமிப்பகத்திலேயே அமர்ந்து தட்டின் வேகத்தை அளத்தல். ‘ஃபியோ’ என்னும் கருவி இதற்கு ஏற்றது. சோதனைக் கோப்பு சேமிப்பகத்தின் நினைவகத்தைவிடப் பெரிதாக இருத்தல் வேண்டும். இல்லையேல் தட்டின் வேகத்திற்கு மாறாகப் பதுக்கு நினைவகத்தின் வேகமே கிடைக்கும். சுழியங்களால் நிரப்பிய கோப்பும் ஏமாற்றும். சுருக்கும் வசதி உள்ள கோப்பு முறைமையில் அது தட்டில் இடம்பெறுவதே அரிது.

இரண்டாவது, வலையமைப்பை மட்டும் ‘ஐபெர்ஃப்3’ கருவியால் அளத்தல். இக்கருவி இயல்பாகக் கேட்பவரிடமிருந்து வழங்கியை நோக்கியே தரவை அனுப்பும். வாசிப்பில் தரவு எதிர்த்திசையில் வருவதால், திசையை மாற்றியும் அளந்து, மறுபடி அனுப்பப்பட்ட பொதிகளின் எண்ணிக்கையையும் நோக்குதல் இன்றியமையாதது.

மூன்றாவது, மெய்நிகர் இயந்திரத்தைத் தாங்கும் மெய்யான கணினியில் அதே சேமிப்பகத்தை இணைத்து அளத்தல். நான்காவது, மெய்நிகர் இயந்திரத்தின் உள்ளே அளத்தல். எந்த அடுக்கில் வேகம் சட்டெனச் சரிகின்றதோ, அங்கேயே குறைபாட்டைத் தேட வேண்டும்.

காரணங்களும் தீர்வுகளும்

தட்டடுக்கில்: பல மெய்நிகர் இயந்திரங்கள் ஒரே தட்டுத்தொகுதியைப் பகிரும்போது, ஒவ்வொன்றும் வரிசையாக வாசித்தாலும், அவை கலந்து தட்டைச் சேரும்போது சிதறிய கோரிக்கைகளாகின்றன. நினைவகத்தைக் கூட்டுவதும், சிதறிய வாசிப்பு மிகுந்த தரவைத் திடநிலைத் தட்டுக்கு மாற்றுவதும் இதற்குத் தீர்வாகும்.

வலையமைப்பில்: பெருஞ்சட்டக அளவான 9,000 பைட்டு இரு முனைகளிலும் அமைந்து, இடையிலுள்ள இணைப்பு மாற்றி 1,500 பைட்டை மட்டும் ஏற்குமாயின், சிறு கட்டளைகள் கடந்துசெல்லும், பெரிய தரவுப் பொதிகள் வீழ்ந்துபடும். துண்டாக்கத் தடையுடன் 8,972 பைட்டு ‘பிங்’ அனுப்பி இதனை உறுதிசெய்யலாம். ஐ-ஸ்கசி முறையில் ஒப்புகைத் தாமதமும் கருதத்தக்கது. நெரிசலில் பொதிகள் இழக்கப்படும்போது சில சேமிப்பகங்கள் ஒரு பொதியை அனுப்பி அதன் ஒப்புகைக்காகக் காத்திருக்கின்றன. பெறுபவரோ ஒப்புகையை 200 மில்லிநொடிவரை ஒத்திவைக்கின்றார். வாசிப்பு ஏறக்குறைய நின்றேபோகும். இரு கம்பிகளைப் பிணைத்தலும் எல்லா நிலையிலும் உதவாது. ஒரு தனித் தொடர்பு பொதுவாக ஒரே கம்பியின் வழியே செல்லும்.

மெய்நிகர் இயந்திரத்தில்: பழைய வன்பொருளைப் போலச் செய்யும் தட்டு இயக்கிக்கு மாற்றாக, மெய்நிகர்ச் சூழலுக்கென அமைந்த ‘விர்ட்-ஐஓ’ போன்ற இயக்கியைப் பயன்படுத்தல் வேண்டும். பழைய இயங்குதளங்கள் 63ஆம் பிரிவில் பகிர்வைத் தொடங்கின. அவ்விடம் 32,256ஆம் பைட்டு. 4,096ஆல் மீதியின்றி வகுபடாதது. ஆதலின் ஒரு வாசிப்பு இரு கட்டங்களைத் தொட நேர்கின்றது. நீண்ட நாள் நீக்கப்படாத நிலைப்பதிவுகளின் சங்கிலியும், ஒவ்வொரு வாசிப்பையும் பல கோப்புகளில் தேடவைத்துத் தாமதத்தைக் கூட்டுகின்றது.

தவிர்க்கத்தக்க தீர்வு

வேகம் குறைந்தவுடன், தரவு தட்டில் பதிந்ததை உறுதிசெய்யும் ஒத்திசைவு எழுத்தை நிறுத்திவிடும் வழக்கம் உண்டு. அது எழுதும் வேகத்தை உயர்த்துமேயன்றி வாசிப்புத் தாமதத்தின் காரணத்தை நீக்காது. மின்தடை நேருமாயின், பதிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட விவரக்குறிப்புகளும் படிமங்களும் அழியக்கூடும். மெய்நிகர்த் தட்டின் கோப்பு முறைமையும் சிதையலாம். சிதைந்து வரும் ஏட்டை மறுமுறை படமெடுக்க இயலாது போகலாமாதலின், இவ்விழப்பு சுவடித் தொகுப்புக்கு ஈடுசெய்ய முடியாதது.

முடிவுரை

வாசிப்பு வேகக் குறைவை வலையமைப்பின் குறையெனவே கொண்டு புதுக் கருவிகளை வாங்குதல் பெரும்பாலும் பயன்தருவதில்லை. 10 கிகாபிட் கம்பியிலும், தட்டு 12 மில்லிநொடி காக்கவைப்பின் ஆய்வாளர் காத்திருக்கவே நேரும். நான்கு அடுக்குகளையும் வாசிப்புத் திசையிலேயே அளந்து, ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, மீண்டும் அளப்பதே ஏற்ற முறையாகும். நிறுவல் நாளிலேயே இவ்வளவீடுகளைப் பதிந்துவைக்கும் ஆவணகங்கள், பின்னாளில் குறைபாடு தோன்றும் அடுக்கை எளிதில் இனங்காண இயலும்.