பெரட்டுக் களமும் பயிற்சிக் களமும்

பலாங்கொடைத் தோட்டங்களில் காலையில் பெயர் கொடுக்கக் கூடும் இடத்தைப் பெரட்டுக் களம் என்கிறோம். படையினரின் 'பரேட்' என்ற சொல்தான் எம்மவர் வாயில் பெரட்டாகியது என்பர். சொல் வந்ததே தவிர, படையினருக்குக் கிடைக்கும் பயிற்சியும் பராமரிப்பும் மலைக்கு வரவில்லை.

சீருடையைக் கண்டால் இன்றும் நெஞ்சு படபடக்கும் சகோதரிகள் பலர் இதனை வாசிப்பீர்கள். 1977இலும் 1983இலும் சப்ரகமுவத் தோட்டங்களை விட்டு வன்னிக்கு ஓடி, அங்கும் போரைக் கண்ட குடும்பங்கள் உண்டு. படையில் சேருங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. பெண்ணின் உடல் எப்படிப் பலப்படுகிறது, எதனால் தளர்கிறது என்பதை அப்பயிற்சிக் களங்களிலிருந்து நாமும் அறிந்துகொள்ளலாம்.

இந்திய எல்லைப் பாதுகாப்புப் படையின் முதலாவது பெண் காவலர் அணி 2009இல் பஞ்சாபின் ஹோசியார்பூர் அருகே பயிற்சி முடித்து வெளியேறியது. 2017இல் தனுஸ்ரீ பரீக் அப்படையின் முதலாவது களப் பெண் அதிகாரியானார்; அவர் பெற்றது 52 வாரப் பயிற்சி. காவலராகச் சேர விரும்பும் பெண், தெரிவின்போதே 1.6 கிலோமீற்றரை எட்டரை நிமிடத்தில் ஓடிக் காட்ட வேண்டும். உள்ளே போனபின் ஓட்டமும் சுமையும் படிப்படியாகத்தான் கூட்டப்பட வேண்டும். எலும்பும் தசைநாரும் சுமைக்குப் பழகுவது ஓய்வு நேரத்தில்தான். ஓய்வின்றிக் கூட்டினால் முழங்காலுக்குக் கீழ் எலும்பில் நுண்ணிய வெடிப்பு விழும். பிரித்தானியப் படைகளில், ஆண்களின் நீண்ட காலடிக்கு ஈடுகொடுத்து அணிநடை போட்ட குள்ளமான பெண்கள் சிலருக்கு இடுப்பெலும்பிலேயே வெடிப்பு ஏற்பட்டது. பெண்ணின் பலவீனம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. அளவு அவளுக்காக வகுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று இரத்தம். அமெரிக்கப் படையில் பயிற்சி பெற்ற பெண்களிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்றில், பயிற்சிக் காலத்தில் உடலின் இரும்புச்சத்து குறைவது தெரிந்தது. இரத்தச்சோகை உள்ளவர்களுக்கு இரும்புச்சத்து கொடுத்தபோது அவர்களின் ஓட்ட வேகம் கூடியது. அதுவரை அவர்களைச் சோம்பேறிகள் என்று யாராவது ஏசியிருக்கவும் கூடும்!

நிறைகொழுந்தோடு செங்குத்து மலையில் ஏறி இறங்கும் எங்கள் பெண்ணின் உழைப்பு எந்தப் பயிற்சிக்கும் குறைந்ததல்ல. ஆனால் அவளுக்குப் படிப்படியான ஏற்றமும் இல்லை, வைத்தியப் பரிசோதனையும் இல்லை. பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பிய முதல் நாளே முழு மலையும் ஏற வேண்டும். களைத்து வந்து றொட்டியோடு சாயத் தேத்தண்ணியும் குடிக்கிறாள். நாம் பறிக்கும் அதே தேயிலை, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும் குணமுடையது.

எனவே தேத்தண்ணியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள். கீரைக்கறியில் தேசிக்காய் பிழிந்தால் அதிலுள்ள இரும்புச்சத்து நன்றாகச் சேரும். ஏற்றத்தில் வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினாலோ, கண் இருட்டினாலோ கிளினிக்கில் இரத்தத்தைச் சோதிக்கும்படி கேளுங்கள். காலெலும்பில் ஒரே இடத்தில் அமர்த்தினால் வலித்து, படுத்த பின்னும் அந்த வலி போகவில்லையென்றால், எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாள் மலைக்குப் போகாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.