மதுவிலிருந்து மீள்வோரின் கூட்டங்களும் மார்க்க வரம்பும்

பனமரத்துப்பட்டியில் ஒருநாள் ஜும்ஆத் தொழுகைக்குப் பின் சகோதரர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து மஸ்அலா ஒன்று கேட்டார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர். அவருடன் சிகிச்சை பெற்ற நண்பர், தம்மைப் போன்றோர் வாரந்தோறும் சேலத்தில் கூடுவதாகவும் அங்கே ஒவ்வொருவரும் தம் வரலாற்றை மனந்திறந்து சொல்வதாகவும் கூறி அழைத்திருக்கிறார். "அல்லாஹ் மறைத்த பாவத்தை நாலு பேர் முன்னிலையில் நானே சொன்னால் குற்றமாகாதா, ஹஜ்ரத்?" என்பது அவர் கேள்வி. அன்று சுருக்கமாகச் சொன்ன விடையை இங்கே சற்று விரித்துரைக்கிறோம்.

இத்தகைய கூட்டங்கள் 1935ஆம் ஆண்டில் தோன்றியவை. நியூயார்க் நகரப் பங்குத் தரகரான பில் வில்சன், தொழில் முயற்சி ஒன்று முறிந்துபோன நிலையில், ஆக்ரன் நகர விடுதியொன்றில் தனித்து நின்றார். குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. விடுதியின் மதுக்கூடமோ அருகிலேயே இருந்தது. அப்போது அவர் பாதிரியார்களுக்குத் தொலைபேசி செய்து கேட்டதுதான் விந்தை. தமக்கு உதவ வல்ல ஒருவரை அவர் தேடவில்லை. தாம் சென்று பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். அவ்வாறு கிடைத்தவர் ராபர்ட் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். அவர் குடியை விட்ட ஜூன் 10ஆம் நாளையே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' தன் தொடக்க நாளாகக் கொள்கிறது.

மருத்துவரின் எச்சரிக்கையும் மனைவியின் கண்ணீரும் ஆலிமின் பயானும் (நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்) நுழைய முடியாத உள்ளத்தில், விழுந்து எழுந்தவனின் சொல் நுழைந்துவிடுகிறது. "உமக்கென்ன தெரியும்?" என்று அவனிடம் கேட்க முடியாதல்லவா? சொல்பவனுக்கும் அச்சொல்லே காவலாகிறது.

இக்குழுக்களில் சேர, குடியை விடும் விருப்பம் ஒன்றே தகுதி. கட்டணமில்லை, வெளியார் நன்கொடையை ஏற்பதுமில்லை. 1950இல் ஏற்கப்பட்ட பன்னிரண்டு மரபுகளின்படி ஒவ்வொரு குழுவும் தன்னுரிமை உடையது. ஆயினும் எதுவும் தனித்து நிற்பதில்லை. அண்டைக் குழுக்கள் 'இண்டர்குரூப்' என்னும் இணைப்பில் சேர்ந்து, புதியவரின் தொலைபேசி அழைப்பை ஏற்கின்றன. மருத்துவமனைக்கும் சிறைக்கும் ஆட்களை அனுப்புகின்றன. நாமக்கல் லாரி ஓட்டுநர் ஒருவர் தொலைதூர நகரொன்றில் இரவு தங்க நேர்ந்தால், அங்குள்ள குழுவுக்கு அவர் அந்நியரல்லர். குடும்பத்தாருக்கென 1951இல் 'அல்-அனான்' தோன்றியது. இந்தியாவில் இவ்வியக்கம் 1957இல் டெல்லியில் தொடங்கியது. தமிழகத்தில், 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை, 1989 முதல் மஞ்சக்குடியில் ஊராரின் துணையோடு முகாம்கள் நடத்தியது. அது மருத்துவ முயற்சி, குழுக்களின் வேலையன்று. எனினும் ஊரே நோயாளிக்குத் துணை நிற்கும் வழியை அது காட்டிற்று.

மதுவிலக்கின் வரலாற்றில் சேலத்துக்குத் தனியிடமுண்டு. 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜியின் அமைச்சரவை சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது இம்மாவட்டத்தில்தான். 1971இல் மாநில மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. 2003இல் சில்லறை விற்பனையே டாஸ்மாக் வசமாயிற்று. சட்டம் கடையை மூடலாம், திறக்கலாம். குடித்தவனின் தனிமையில் சட்டத்துக்கு வேலையில்லை.

இனிச் சகோதரரின் கேள்விக்கு வருவோம். இரவில் செய்த பாவத்தை அல்லாஹ் மறைத்திருக்க, காலையில் தானே பிறரிடம் எடுத்துரைப்பவனை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீஸ் புகாரியில் உள்ளது. அவர் அஞ்சியது அதற்காகவே, அச்சமும் நியாயமானதே. ஆனால் பாவத்தைப் பொருட்படுத்தாமல் பறைசாற்றுவது வேறு. மருந்து தேடிச் சொல்வது வேறு. பாவத்தைப் பிறரிடம் சொல்வதை வெறுக்கத்தக்கதெனக் கூறும் இமாம் நவவி (ரஹ்), மீளும் வழியைக் காட்டுவார் அல்லது துஆச் செய்வார் என நம்பத்தக்க ஷைகு போன்றோரிடம் சொல்வதில் தவறில்லை என்று 'அல்அத்கார்' நூலில் விலக்களிக்கிறார். பெயரை வெளியிடாமையும், கேட்டதை வெளியே கொண்டுபோகாமையும் இக்குழுக்களின் உறுதியான வழக்கம். சபையில் பேசப்படுவதை அமானிதமாகக் கருதும் நமக்கு இது புதிதன்று. ஆகவே தேவையான அளவே சொல்க. உடன் குடித்தோரின் பெயரைச் சொல்லற்க என்றோம்.

இறைவனை அவரவர் புரிதலின்படி கருதிக்கொள்ளலாம் என்னும் அவர்களது பன்னிரண்டு படிகளின் வாசகம் நம்மவர் சிலரைத் தயங்கச் செய்கிறது. முஸ்லிமுக்கு அந்தப் புரிதல் தவ்ஹீதே. பிற சமயப் பிரார்த்தனை ஓதப்பட்டால் அவர் வாளாவிருக்கலாம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1989இல் தோன்றிய 'மில்லத்தீ இஸ்லாமீ' அப்படிகளை இஸ்லாமிய நெறிக்கேற்ப அமைத்துக்கொண்டது. நம் நாட்டு மஹல்லாக்களோ 'நம்மிடையே குடிப்பவர் இல்லை' என்னும் பாவனையில் காலங்கழிக்கின்றன. இப்பாவனையால் குடிப்பவர் குறைவதில்லை. வெட்கம் மட்டுமே கூடுகிறது.

முன்னோர் இவ்வாறு இருக்கவில்லை. மதுவுக்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரைச் சபித்தபோது, அவர் அல்லாஹ்வையும் ரசூலையும் நேசிப்பவர் என்று கூறி நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சிரியாவில் குடியில் வீழ்ந்த நண்பருக்கு உமர் (ரலி) அவர்கள் முஃமின் அத்தியாயத்தின் தொடக்க வசனங்களை எழுதியனுப்பி, அவருக்காக துஆச் செய்யுமாறு தோழர்களையும் வேண்டியதை இப்னு கஸீர் பதிவு செய்கிறார். வழுக்கிய சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணைபோகாதீர் என்பது அதில் உமர் (ரலி) அவர்களின் அறிவுரை. கடிதம் பெற்றவர் அதைத் திரும்பத் திரும்ப ஓதி அழுது தவ்பாச் செய்தார்.

சகோதரர் இப்போது வாரந்தோறும் சேலம் செல்கிறார். கூட்டம் மாலையில் நடப்பதால் அஸர் தொழுத கையோடு பேருந்து ஏறிவிடுகிறார். அண்மையில் இன்னொருவரையும் உடன் அழைத்துச் சென்றதாகச் சொன்னார். யாரென்று அவர் சொல்லவுமில்லை, நாம் கேட்கவுமில்லை.