ஏரிக்கரை இல்லங்களில் எண்ணும் எழுத்தும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் உள்ளது பழவேற்காடு. இதனை அடுத்த உவர்நீர் ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சார்ந்தது, தென்கோடியே நமது. பரப்பில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்ததாக இதனைக் கூறுவர். நெசவாள அங்கத்தினர்களுக்கு இவ்வூரின் பெயர் புதியதன்று. டச்சுக்காரர் 1613-ல் இங்கே கோட்டை கட்டி அமர்ந்த காலத்தில், உள்நாட்டுத் தறிகளில் நெய்த துணிகள் இத்துறையிலிருந்துதான் கப்பலேறின. கட்டம் போட்ட துணிக்கு இவ்வூரின் பெயரையே இட்டு அயல்நாட்டு வணிகர் வழங்கினர். எனினும், இன்று நாம் எழுதப் புகுவது துணியைப் பற்றியன்று. ஏரியைச் சூழ்ந்த குப்பங்களில் பாடசாலைக்குச் செல்லும் சிறுவர் சிறுமியரின் படிப்பைப் பற்றியும், அப்படிப்புக்கு வீட்டார் செய்யக்கூடிய துணையைப் பற்றியுமே ஆகும். தறிக்குழியில் அமர்ந்திருப்போருக்கும் வரப்பில் நிற்போருக்கும் இது பொருந்தும்.

சங்கக் கணக்குகளைப் பார்வையிடும் பொருட்டுக் குப்பமொன்றுக்கு ஒரு நாள் மாலை சென்றிருந்தோம். அங்கத்தினரான ஓர் அம்மையார் தம் வீட்டு வாசலில் மடவை மீன் விற்றுக்கொண்டிருந்தார். அருகில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகன். "இவனுக்குக் கணக்கே வராதுங்க ஐயா, வாத்தியாரம்மா தினமும் சொல்லி அனுப்புறாங்க" என்று அவர் நம்மிடம் முறையிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து ஒன்றரைக் கிலோ மீன் வாங்கினார். விலை கிலோ 240 ரூபாய். அவர் நீட்டிய 500 ரூபாய்த் தாளைப் பையன் வாங்கி, சற்றும் தயங்காமல் 140 ரூபாயை எண்ணித் திருப்பிக் கொடுத்தான். கணக்கு வராத பிள்ளையின் இலட்சணம் இதுதானா என்று நமக்கு வியப்பாயிற்று.

"தம்பி, இப்போது செய்த கணக்கையே பலகையில் எழுதிக் காட்டு" என்றோம். 500 என்று எழுதி, அதன் கீழே 360 என்று எழுதினான். பூச்சியத்தின் கீழ்ப் பூச்சியம், ஆகவே பூச்சியம். அடுத்த இடத்தில் மேலே பூச்சியம், கீழே ஆறு. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து ஆறு என்றே போட்டான். ஐந்தில் மூன்று போக இரண்டு. விடை 260! "இந்தப்படி மீதி கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டோம். பையன் பலகையைப் பார்த்தான், தாயின் முகத்தைப் பார்த்தான், சிரித்துவிட்டான். "நூத்தி இருபது ரூவா நட்டம்" என்றான். அந்த நட்டக் கணக்கையும் மனத்திலேயே போட்டுவிட்டான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இது ஒரு பையனுக்கு மட்டும் உரிய குறையன்று. பிரேசில் நாட்டு ரெசிபி நகரத் தெருக்களில் தேங்காயும் பழமும் விற்கும் 9 முதல் 15 வயதுள்ள சிறுவர் ஐவரை ஆராய்ந்து, மூன்று அறிஞர்கள் 1985-ல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கடையில் வாடிக்கையாளர்போல் நின்று கேட்டபோது நூற்றுக்கு 98 விடைகள் சரியாக இருந்தன. அதே வகைக் கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது சரியானவை நூற்றுக்கு 37 மட்டுமே. ஒன்று 35 வீதம் 10 தேங்காய்க்கு என்ன விலை என்பதற்கு ஒரு சிறுவன் மூன்றுக்கு 105, இன்னும் மூன்றுக்கு 210 என்று மும்மூன்றாகக் கூட்டி, கடைசியில் ஒன்றைச் சேர்த்து 350 என்றானாம். பத்தால் பெருக்கப் பூச்சியம் சேர்த்தால் போதும் என்று பாடசாலை சொன்னது அவன் கடைக்கு வந்து சேரவில்லை.

நம் நாட்டிலும் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் கல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கு மேற்பட்ட சிறுவர்களை ஆராய்ந்து 2025-ல் முடிவுகளை வெளியிட்டனர். சந்தைப் பிள்ளைகள் பலர் பாடசாலைக் கணக்கில் தடுமாறினர். பாடசாலைப் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினர். இரு கரைகளுக்கும் இடையே பாலம் இல்லை என்பதே இதன் பொருள். அப்பாலத்தைப் போடத் தகுந்த இடம் வீடு என்பது நம் கருத்து. ஏனெனில் உபாத்தியாயர் மீன் தராசைக் காண்பதில்லை. வியாபாரி பலகையைக் காண்பதில்லை. இரண்டையும் ஒருங்கே காண்பவர் தாயார் ஒருவரே.

எழுதப் படிக்கத் தெரியாத தாய் என்ன செய்ய இயலும் என்று கேட்கலாம். அவர் செய்ய வேண்டியது கற்பிப்பதன்று, கேட்பது. பையன் வாயால் ஒரு கணக்கைச் சொல்லி முடித்தவுடன், "அதையே பலகையில் எழுதிக் காட்டு, என்ன வருகிறது என்று படி" என்று சொல்லட்டும். வாய்க்கணக்கின் விடை அவருக்குத் தெரியும். பலகையின் விடை அதனோடு ஒத்தால் சரி. ஒவ்வாவிடில், எங்கே பிசகிற்று என்று பிள்ளையே தேடட்டும். எழுத்தறியாத தாயும் இவ்வாறு பரீட்சை அதிகாரியாகிவிடுகிறார். பிள்ளையை அடிக்கவேண்டாம், "உனக்கு மண்டையில் ஏறாது" என்று நாலு பேர் முன்னிலையில் கூறவும் வேண்டாம். பின்னது முன்னதைவிடக் கொடியது.

ஏரிக்கரை வாழ்வில் கணக்குக்குப் பஞ்சமில்லை. இறால் விற்பனையில் 'கவுண்ட்' என்றொரு வழக்கு உண்டு. கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதே அது. 50 கவுண்டைவிட 30 கவுண்ட் இறாலுக்கு விலை கூடுதல். எண் குறையக் குறைய விலை ஏறுகிறதே, அது எப்படி? நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் இக்கேள்வியைப் போட்டுவிட்டு மௌனமாக இருங்கள். கிலோவுக்கு 50 நின்றால் ஓர் இறாலின் எடை 20 கிராம். 40 நின்றால் 25 கிராம் என்று பிள்ளை கண்டுபிடிக்கும் நாளில் வகுத்தல் என்பதன் பொருள் விளங்கிவிடும். வியாபாரி சொல்லும் கவுண்டைச் சரிபார்க்க வீட்டில் ஓர் ஆளும் கிடைத்துவிடும். முன்பணம் வாங்கி அதற்கு ஈடாகப் பிடிப்பைக் கொடுக்கும் குடும்பங்களுக்கு இது சிறிய காரியமன்று.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்னும் பழைய முறை உண்டு. முகத்துவாரத்தை அடுத்த நல்ல மீன்பிடி இடங்களை, சச்சரவு நேராதபடி முறை வைத்தும் சீட்டுக் குலுக்கியும் வகுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. கூட்டுறவுச் சட்டம் பிறப்பதற்கு முன்னரே கூட்டுறவின் உட்பொருளை அறிந்திருந்தவர்கள் இம்மக்கள் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. மூன்று ஊர்களுக்கு நாள்முறை என்று வைத்துக்கொள்வோம். இன்று முதல் தேதி நம் முறையானால், அடுத்து 4, 7, 10, 13. இருபத்தைந்தாம் தேதி யாருடைய முறை? விரல் விட்டு எண்ணுகிற பிள்ளையும் உண்டு. மூன்றால் வகுத்து மீதி பார்க்கிற பிள்ளையும் உண்டு. இருவரையும் பேசவிட்டுக் கேட்பது வேடிக்கையாக இருக்கும்.

வற்றமும் ஏற்றமும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவது தந்தைமார் அறிந்ததே. இன்று காலை 6 மணிக்கு ஏற்றமானால் நாளை எப்போது, நான்காம் நாள் எப்போது என்று கேட்டால் மணியும் நிமிடமும் படிந்துவிடும். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குரிய தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஏப்ரலில் 16, மே மாதத்தில் 31, ஜூனில் 14. ஆக 61 நாட்கள். இதனை நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணச் செய்யலாம். பனையோலைக் கூடை முடையும் வீடுகளில் ஒன்று விட்டு ஒன்று, இரண்டு விட்டு ஒன்று என ஓலையைக் கோக்கும்போதும், நெசவாளர் இல்லங்களில் பாவின் இழைகளை எண்ணும்போதும் இதுவே நிகழ்கிறது. ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்லவேண்டும்: கணக்கு வரும் என்று சொல்லிப் பாடசாலை நேரத்தில் பிள்ளையை ஏலக்கூடத்தில் நிறுத்துவோருக்கு இக்கட்டுரையில் யாதொரு ஆதரவும் இல்லை.

இனி எழுத்து. தமிழில் 247 எழுத்துக்கள் உள என்பதைச் சொல்லியே பலர் பிள்ளைகளை மிரட்டிவிடுகின்றனர். உண்மையில், தனித்தனியே மனனம் செய்யவேண்டிய உருவங்கள் அத்தனை இல்லை. மெய்யின் வடிவங்கள் 18-ம், அவற்றோடு சேரும் உயிர்க்குறிகளும் தெரிந்தால் பெரும்பாலானவை தாமே வந்துவிடும். உகர ஊகாரங்களே எழுத்துக்கெழுத்து மாறித் தொல்லை கொடுப்பவை. அவற்றிற்குச் சிறிது கூடுதல் காலம் கொடுத்தால் போதும்.

எச்சொல்லிலிருந்து தொடங்குவது? 1990-களில் அறிவொளி இயக்கம் முதியோருக்கென வகுத்த பாடநூலின் தொடக்கச் சொற்களுள் 'பட்டா' என்பதும் ஒன்று. நிலத்தையே நினைந்திருக்கும் மக்களுக்கு அது தைத்தது. குப்பத்துப் பிள்ளைக்குப் 'படகு' என்று எழுதிக் கொடுங்கள். பிறகு வலை, துடுப்பு, நண்டு, மடவை, பூநாரை. தான் நாள்தோறும் தொடுகிற பொருளின் பெயரைப் படிக்கும் பிள்ளை அதனை ஊகித்தேனும் படித்துவிடும். ஊகம் சரிதானா என்று எழுத்தை உற்றுப் பார்க்கும். அங்கேதான் வாசிப்புத் தொடங்குகிறது. படகின் பக்கவாட்டில் எழுதிய பதிவெண், குடும்ப அட்டை, மருந்து உறை, பேருந்தின் பெயர்ப்பலகை, தாயாரின் சேமிப்புப் புத்தகம் ஆகிய யாவும் வாசகப் புத்தகங்களே. சேமிப்புப் புத்தகத்தை மாதம் ஒருமுறை பிள்ளையைக் கொண்டு உரக்கப் படிக்கச் சொல்லுமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம். இதில் சங்கத்துக்கும் நன்மை உண்டு. பிழையான பதிவு ஏதேனும் இருப்பின் நாம் வரும்வரை அது காத்திருக்க வேண்டியதில்லை.

'வலை' என்றோமே, அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழக அரசு 1978-ல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது மாறிய 13 எழுத்துக்களுள் 'லை'யும் ஒன்று. அதற்கு முன் அது துதிக்கை தூக்கிய யானைபோல் மேலே வளைத்து எழுதப்பட்டது. பெரியார் தம் ஏட்டில் 1935-லேயே புதிய வடிவங்களைக் கையாண்டார் எனினும் பாடசாலைகளுக்கு அவை வரப் பல்லாண்டு ஆயிற்று. ஆகவே, பழைய நாளில் படித்த தாத்தா 'வலை' என்று எழுதிக் காட்டினால் பேரன் "தப்பு, தாத்தா" என்பான். தாத்தா கோபிக்கவேண்டாம், பேரனும் நகைக்கவேண்டாம். இரண்டையும் அருகருகே எழுதி, "இது அந்தக் காலத்து லை, இது உன் லை" என்று சொன்னால், எழுத்து மனிதர் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் என்பது பிள்ளைக்கு விளங்கும். படித்த முதியோரை வீட்டில் வைத்துக்கொண்டு தனிப் பயிற்சிக்குப் பணம் கட்டுவோரை நாம் கண்டிருக்கிறோம். படிக்காத பாட்டிக்கும் வேலையுண்டு. அவர் கதையைப் பாதியில் நிறுத்தி, "பிறகு என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டால், பிள்ளை சொல்லும் ஒரு வாக்கியத்தைப் பிள்ளையே எழுதலாம். கைப்பேசியும் கதை சொல்லும். ஆனால் பதிலைக் கேட்டுக்கொள்ள அது காத்திராது.

இவையெல்லாம் இப்போது ஏன் அவசரமாயின? பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. கிராமப்புறங்களில் எடுத்த அசர் ஆய்வின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக்கூடிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ்நாட்டில் 2018-ல் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இருந்தனர். 2022-ல் அது ஐவருக்கும் கீழே இறங்கிவிட்டது. அரசு சும்மா இருக்கவில்லை. 2021 அக்டோபர் 27-ல் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்று, தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் திண்ணையிலும் மரத்தடியிலும் பிள்ளைகளைக் கூட்டிப் படிப்பித்தனர். 2022 ஜூன் 13-ல் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கிற்று. பாடசாலைக்குரிய பயிற்சி நூல்கள் வந்தன. ஆயினும் நாளில் பாடசாலை பெறும் நேரம் சிறிது; வீடு பெறும் நேரம் பெரிது.

சங்கங்களின் கடமையையும் கூறாமல் விடுவதற்கில்லை. இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 1844-ல் கடை திறந்த முன்னோடிகள் 28 பேருள் பலர் நெசவாளர்கள். அவர்கள் பின்னர் ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரையைக் கல்விக்கென ஒதுக்கினர். கடைக்கு மேலேயே வாசகசாலையும் நூலகமும் வைத்தனர். மாவும் வெண்ணெயும் விற்றுச் சேர்த்த பணம் அது. நம் சங்கங்களிலும், துணைவிதிகள் இடந்தரும் அளவில், பொதுநல நிதியிலிருந்து சிறு தொகையை இதற்கு ஒதுக்கப் பொதுக்குழு தீர்மானிக்கலாம். பெருந்தொகை வேண்டாம். பத்துப் பலகைகள், ஒரு பெட்டி சுண்ணக்கட்டி, படக்கதைப் புத்தகங்கள் சில, ஒரு பழைய தராசும் எடைக்கற்களும், சுவரில் ஒரு நாட்காட்டி.

இடத்துக்கும் குறைவில்லை. பெரும்பாலான சங்கக் கட்டடங்கள் மாலை 5 மணிக்குப் பூட்டப்பட்டு விளக்கின்றிக் கிடக்கின்றன. அவற்றைப் பிள்ளைகளுக்காக 7 மணிவரை திறந்து வைப்பதில் வரக்கூடிய ஒரே தகராறு, சாவி எவரிடம் இருப்பது என்பதுதான். செயலர் மாலையில் ஊரில் இருப்பதில்லை. தலைவருக்கு வேலை அதிகம். ஏரிக்குப் போகாத, சந்தையிலிருந்து முன்னதாகத் திரும்பும் தாய்மார் இருவரிடம் சாவியை ஒப்படைத்து, பதிவேட்டில் கையொப்பமோ கைநாட்டோ பெற்றுக்கொண்டால் போதுமானது.